ஹாலிடே

சோஹாரில் ஆகஸ்ட் மாதப் பகலில் எதையும் ஒட்ட முடியாது.
கறுப்பு விரிப்பு வெயிலில் நீண்டு
அலை அலையாய்ப் புடைக்கும்.
ராத்திரி அது சுருங்கிப் படுத்த பிறகுதான்
எங்களுக்கு வேலை.

இந்தப் பள்ளத்தின் மேல் ஒரு தொட்டி வரப்போகிறது.
அதற்குள் வரப்போவதன் பெயர்
மண்டையோடு போட்ட தாளில் இருக்கிறது.
வாய்விட்டு யாரும் சொல்வதில்லை.
புருஷன் பேரைச் சொல்லாத பெண்கள் மாதிரி
'அது' என்கிறோம்.

தொட்டி ஒருநாள் ஒழுகும் என்று
வரைந்தவர்களுக்குத் தெரியும்.
இல்லாவிட்டால் இத்தனை அடுக்கு எதற்கு?
சலித்த மணல், அதன்மேல் கம்பளி,
கம்பளிமேல் விரிப்பு,
விரிப்புக்கும் விரிப்புக்கும் நடுவே
கசிவைக் காட்டிக்கொடுக்க ஒரு துளைக்குழாய்,
எல்லாவற்றுக்கும் மேல் கான்கிரீட்,
நூற்றுக்கு ஒன்று சரிவு,
சரிவு போய் முடியும் மூலையில் ஒரு குழி.
சுற்றிலும், தொட்டி முழுதாய்க் கவிழ்ந்தாலும்
ததும்பாத உயரத்தில் சுவர்.
சந்தேகத்தின் மேல் எழுப்பிய கட்டடம்.

நம்பிக்கையின் மேல் எழுப்பியதையும் பார்த்திருக்கிறேன்.
வாணியம்பாடியில் எங்கள் தெரு அடிபம்பு
டீ நிறத்தில் தண்ணீர் தந்தது.
தோல் கம்பெனி முதலாளி நல்லவர்.
அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

வேலிக்கு அப்பால்
ஹுமைத் அல்-மக்பாலியின் எலுமிச்சைத் தோட்டம்.
அவர் கிணற்று மோட்டார்
இரவு இரண்டு மணிக்குத் தும்மிக்கொண்டு கிளம்பும்.
கடல் ஏற்கெனவே ஒரு பக்கமிருந்து
அந்தக் கிணற்றுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறதாம்.
ஒருமுறை வேலி வழியே கேட்டார்,
கீழே என்ன போடுகிறீர்கள்?
பிளாஸ்டிக், என்றேன்.
எனக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான்.
அவர் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

பித்தளைத் துடைப்பமும்
அதில் ஓடும் இருபதாயிரம் வோல்ட்டும் என் பொறுப்பு.
வெல்டிங் ஓடிய வழியெல்லாம் கூட்டிக்கொண்டே போவேன்.
ஓட்டை இருந்தால் பொறி பறக்கும்.
அப்படி விட்டுப்போன இடத்துக்கு
இந்தத் தொழிலில் ஹாலிடே என்று பெயர்.
ஏன் என்று கையேட்டில் இல்லை.
வெல்டரின் கை ஒரு கணம் லீவில் போயிருக்கும்
என்று வைத்துக்கொள்கிறேன்.
சவரிமுத்து ஊருக்குப் போய் இரண்டரை வருஷம்.

மூன்றே முக்காலுக்கு, குழியின் வடக்கு மூலையில்,
மூன்று விரிப்பு சேரும் இடத்தில்
சட்.
நீலமாய், ஒரு கொசு எரிவது போல.
திரும்பக் கூட்டினேன்.
சட்.

வாசலில் கான்கிரீட் லாரிகள் வந்துவிட்டன.
வயிறுகள் சுற்றிக்கொண்டிருந்தன.
ஃபோர்மேன் குரியாக்கோஸ் குனிந்து
செல்போன் வெளிச்சத்தில் தேடினார்.
ஒண்ணுமே தெரியலையே.
மேலே முப்பது சென்ட்டி கான்கிரீட் வருது.
எவன் தோண்டிப் பார்க்கப் போறான்?

யாரும் தோண்ட வேண்டாம்.
தண்ணீர் இருக்கிற இடத்தில் இருக்கும்.
தேடிக்கொண்டு போவது 'அது'தான்.

இதெல்லாம் நான் சொல்லவில்லை.
கை நடுங்கியது.
மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டேன்.
பதில் பேச வராதவன் போடும் வட்டம்,
தேவைக்கு மேல் பெரியது.

முதல் லாரி, சரக்கு இறுகத் தொடங்கித் திரும்பிப் போனது.
யார் சம்பளத்தில் பிடிப்பது என்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
சவரிமுத்து ஒன்றும் பேசாமல் மண்டியிட்டான்.
அந்த இடத்தைச் சுரண்டினான்,
தூசியை ஊதப்போய் நிறுத்திக்கொண்டான்
(மூச்சிலும் ஈரம் உண்டு),
துணியால் துடைத்து
உருகிய கறுப்பை மேலே இழுத்தான்.
அவன் நெற்றி வியர்வை சொட்டாதபடி
நான் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறவிட்டுக் கூட்டினேன்.
சத்தமில்லை.
வேலிக்கு அப்பால் மோட்டார் மட்டும்.

படிவத்தில் எழுதினேன்:
ஹாலிடே, ஒன்று. அடைக்கப்பட்டது.
சவரிமுத்து கையெழுத்துப் போட்டான்.
பேனாவைத் திருப்பித் தரவில்லை.
பையில் நாலாய் மடித்திருந்த லீவு விண்ணப்பத்தை
என் முதுகில் வைத்தே நிரப்பினான்.
பெயர், பாஸ்போர்ட் எண், காரணம்.
தேதி வரும் இடத்தில் பேனா நின்றது.
அதை அப்படியே விட்டுவிட்டு மடித்தான்.